சோதனை நேரத்தில் என்ன செய்வது? கிறிஸ்தவ அன்பைப் பழகத் தொடங்குகிறவர்களுக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கிறிஸ்தவ வாழ்க்கைக்குப் புதிதாக வருகிறவர்கள் பல வழியாக வருகிறார்கள். எலத்தகிரி, கோவிலூர் போன்ற பழைய கிறிஸ்தவ ஊர்களுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் உண்டு. ஓசூர் சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்து, அறை நண்பன் கூப்பிட்டானே என்று ஜெபக்கூட்டத்தில் போய் உட்கார்ந்தவர்கள் உண்டு. குழந்தையிலேயே ஞானஸ்நானம் வாங்கி, கிறிஸ்துமஸுக்கு மட்டும் கோயிலை எட்டிப் பார்த்துவிட்டு, இப்போதுதான் நிஜமாகவே தெரிந்துகொள்ள நினைப்பவர்களும் இருக்கிறார்கள். எல்லாரும் சீக்கிரமே ஒரு கேள்விக்கு வந்து சேருவார்கள்: "தப்புன்னு தெரியுது. ஆனா அந்த நேரத்துல முடியலையே, என்ன பண்றது?"

இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில், "ஜெபம் பண்ணுங்க." பதில் சரிதான். ஆனால் செவ்வாய்க்கிழமை இரவு பத்தரை மணிக்குக் கையில் செல்போனோடு தனியாக இருப்பவருக்கு அது மட்டும் போதாது. என்ன ஜெபம், அதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று யாராவது சொல்ல வேண்டும். இந்த வழிகாட்டி அதற்காக.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சோதனையை எதிர்ப்பது ஒரு பாடம், தன்னலமில்லாத அன்பு இன்னொரு பாடம் என்று நம் பிரசங்கங்களில் பிரித்தே பேசுகிறார்கள். வேதத்தில் இரண்டும் ஒரே பாடம்தான். பிரித்து எடுத்தால் முதலாவது வெறும் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதாகவும், இரண்டாவது கல்யாணப் பத்திரிகை வாசகமாகவும் ஆகிவிடுகிறது.

முதலில், எது சோதனை?

எந்தக் கஷ்டம் வந்தாலும் "ஆண்டவர் சோதிக்கிறார்" என்று சொல்வது நம் வழக்கம். பெங்களூரா மாங்காய்க்கு விலை இல்லாமல் போனாலும் அதே பேச்சு, ராயக்கோட்டை மண்டியில் தக்காளி பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் போனாலும் அதே பேச்சு. இங்கே நாம் பார்க்கப்போவது அதற்கு அடுத்த கட்டம். விலை விழுந்த ஆத்திரத்தில், பறிக்க வந்த பெண்களின் கூலியில் ஐம்பது ரூபாய் பிடித்துக்கொள்ளலாமா என்று உள்ளே ஓர் எண்ணம் எழுகிறதே, அதுதான். மண்டி விலை உங்கள் கையில் இல்லை. அந்த ஐம்பது ரூபாய் உங்கள் கையில் இருக்கிறது.

யாக்கோபு நிருபம் முதல் அதிகாரம், 13 முதல் 15 வரையான வசனங்களைப் பாருங்கள். கடவுள் ஒருவரையும் தீமைக்கு இழுப்பதில்லை, அவனவன் தன் சொந்த ஆசையால்தான் இழுபடுகிறான் என்று யாக்கோபு ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறார். பழியைத் தூக்கி மேலே போட வழியே இல்லை.

படி 1: மத்தேயு நான்காம் அதிகாரத்தை மெதுவாகப் படியுங்கள்

முழு வேதாகமத்தையும் ஆதியாகமத்திலிருந்து தொடங்கி, லேவியராகமத்தில் மூச்சு வாங்கி நிறுத்தியவர்கள் நிறையப் பேர். இந்த விஷயத்துக்கு மத்தேயு 4:1-11 போதும். கத்தோலிக்கக் கோயில்களில் 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பும், மற்ற சபைகளில் பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்பும் இருக்கும். நீங்கள் போகும் இடத்தில் எது இருக்கிறதோ அதையே வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒருவர் "இணைச்சட்டம்" என்பார், இன்னொருவர் "உபாகமம்" என்பார். இரண்டும் ஒரே புத்தகம் என்று கண்டுபிடிப்பதற்குள் கூட்டம் முடிந்துவிடும்.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இயேசு வனாந்தரத்தில் நாற்பது நாள் உபவாசம் இருக்கிறார், பசிக்கிறது, பிசாசு வருகிறான். கல்லை அப்பமாக்கு, கோயில் உச்சியிலிருந்து குதி, என்னைப் பணிந்தால் உலகத்து ராஜ்யங்கள் எல்லாம் உனக்கு. இதில் கவனிக்க வேண்டியவை சில இருக்கின்றன.

பிசாசு கேட்டவற்றில் முதல் இரண்டும் அசிங்கமான காரியங்களே இல்லை. பசித்தவன் அப்பம் சாப்பிடுவதில் என்ன தப்பு? கடவுள் காப்பாற்றுவார் என்று நம்புவதில் என்ன தப்பு? போதாததற்கு, இரண்டாவது சோதனையில் பிசாசு 91-ம் சங்கீதத்தையே எடுத்துச் சொல்கிறான். வேத வசனத்தோடு வருவதெல்லாம் கடவுளிடமிருந்து வருகிறது என்று நினைக்கக்கூடாது என்பது புதியவர்களுக்கு அங்கேயே கிடைக்கும் பாடம். இயேசுவோ மூன்று தடவையும் உபாகமத்திலிருந்தே பதில் சொல்கிறார் (8:3, 6:16, 6:13). நீண்ட வாதம் எதுவும் இல்லை. மூன்றும் சின்னப் பதில்கள்.

இப்போது பத்து அதிகாரம் தள்ளி மத்தேயு 14-க்குப் போங்கள். தன் பசிக்காக ஒரு கல்லைக்கூட அப்பமாக்காதவர், அங்கே ஐந்து அப்பத்தை ஐயாயிரம் ஆண்களுக்கும், அவர்களோடு வந்த பெண்கள், பிள்ளைகளுக்கும் பங்கிடுகிறார். இங்கும் அங்கும் இருப்பது அதே வல்லமைதான். தனக்கு என்றபோது வேண்டாம் என்றார், பிறருக்கு என்றபோது நிறையக் கொடுத்தார். அடுத்து 27-ம் அதிகாரம் 40-ம் வசனம். "நீ தேவனுடைய குமாரனானால் சிலுவையிலிருந்து இறங்கி வா" என்று வழிப்போக்கர்கள் கத்துகிறார்கள். வனாந்தரத்தில் பிசாசு தொடங்கிய அதே பேச்சு. அவர் இறங்கவில்லை.

என்னைக் கேட்டால், கிறிஸ்தவம் சோதனையைப் பற்றிச் சொல்வதெல்லாம் இந்த மூன்று இடங்களுக்குள் அடங்கிவிடுகிறது. "வேண்டாம்" என்று அவர் சொன்னதற்குப் பின்னால் யாரோ ஒருவருக்கான "வேண்டும்" இருந்தது. நீங்கள் பழக வேண்டியதும் அதைத்தான்.

படி 2: எண்ணம் வந்ததற்காகப் பயப்படாதீர்கள்

இயேசுவும் எல்லா விதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டார், ஆனால் பாவம் செய்யவில்லை என்கிறது எபிரேயர் 4:15. ஆகவே சோதனை வருவதே பாவம் என்றால் கணக்கு உதைக்கும். எண்ணம் வருவது, அதில் இன்பம் காண்பது, அதற்குச் சம்மதிப்பது என்று மூன்று கட்டங்களாக இதைப் பிரித்தவர் புனித அகுஸ்தினார். முதல் கட்டத்திலேயே "நான் கெட்டவன்" என்று முடிவு கட்டுகிறவர், கெட்டவன்தானே என்று மீதி இரண்டு கட்டத்தையும் தானாகவே தாண்டிவிடுவார். புதிதாக வந்தவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான்.

படி 3: உங்கள் பலவீனமான பக்கம் எது?

இயேசு சபை என்ற துறவற சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் முதலில் போர்வீரர். 1521-ல் பாம்ப்லோனா கோட்டையைக் காக்கும் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு அவர் கால் உடைந்தது. பிற்பாடு சோதனையைப் பற்றி எழுதும்போது அந்தப் பழைய வாழ்க்கையிலிருந்தே ஓர் உதாரணம் எடுத்தார்: எதிரிப் படைத் தலைவன் கோட்டையைச் சுற்றிச் சுற்றி வந்து, எந்தப் பக்கம் பலவீனமோ அங்கேதான் தாக்குவான். கிருஷ்ணகிரி மலைக்கோட்டைமேல் ஏறிப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. செங்குத்துப் பாறை இருக்கும் பக்கத்தில் யாரும் ஏணி போடமாட்டான்.

எனவே ஒரு வாரம் உங்களைக் கவனியுங்கள். எந்த நேரம், எந்த இடம், யாரோடு இருக்கும்போது? இரவு ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும் விடியற்காலையா? சம்பளம் வந்த அன்றா, கைமாற்று வாங்கின காசு கரைந்து போன மாதக் கடைசியா? நாத்தனார் போன் பேசி முடித்த அடுத்த அரை மணி நேரமா? பலருக்குக் காரணம் ஆன்மிகமாகவே இருக்காது. தூக்கமின்மை, பசி, தனிமை, இவைதான். பிசாசு இயேசுவிடம் வந்தது நாற்பதாம் நாள் முடிந்து பசித்தபோது என்பதை மறக்க வேண்டாம். பத்து மணிக்குப் படுத்துவிட்டாலே பாதிச் சோதனை தீரும் என்று, கோயிலில் மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியார் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கூட்டத்தில் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

இன்னொரு வகையும் உண்டு, கண்டுபிடிக்கச் சிரமமானது. ஒரு வருடம் ஒழுங்காகக் கோயிலுக்குப் போனவர்களுக்கே அது வரும். பாடகர் குழுவில் தன் பெயரை விட்டுவிட்டார்கள் என்ற எரிச்சல். கோயிலுக்கு வாங்கிக் கொடுத்த மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் குடும்பப் பெயர். குடிப்பவனைப் பார்த்ததும் உள்ளே ஓடும் அந்தச் சின்னப் பெருமை. குடியைவிட இது ஆபத்து என்பேன். குடிப்பவனுக்காவது தான் குடிப்பது தெரியும்.

படி 4: அந்த ஐந்து நிமிடம்

சோதனையின் உச்சம் பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தைத் தாண்டுவதற்கான வரிசை இது. கஷ்டமான வரிசை இல்லை, முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இடத்தை விட்டு நகருங்கள். போத்திபாரின் மனைவி ஆடையைப் பிடித்து இழுத்தபோது யோசேப்பு நின்று உபதேசம் செய்யவில்லை, மேலாடையை அவள் கையிலேயே விட்டுவிட்டு ஓடினான் (ஆதியாகமம் 39). கொரிந்தியருக்கு எழுதும்போது பவுலும் ஒழுக்கக்கேட்டுக்கு விலகி ஓடுங்கள் என்றுதான் சொல்கிறார். நின்று ஜெயிப்பதுதான் வீரம் என்ற நினைப்பு சினிமாவிலிருந்து வந்தது. செல்போன்தான் பிரச்சினை என்றால் அதை ஹாலில் சார்ஜ் போட்டுவிட்டு வாருங்கள். டாஸ்மாக் வழியாக வீட்டுக்கு வருகிறீர்கள் என்றால், அரை கிலோமீட்டர் சுற்றினாலும் வேறு வழியில் வாருங்கள். ஆன்லைன் ரம்மி என்றால் செயலியை மட்டுமல்லாமல், அதோடு இணைத்த வங்கிக் கணக்கையும் கழற்றுங்கள்.

வாதம் பண்ணாதீர்கள். ஏவாள் பாம்போடு பேச்சுக் கொடுத்தாள், பேச்சு முடிந்தபோது பழம் கையில் இருந்தது. எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்து கி.பி. 399-ல் இறந்த எவாக்ரியுஸ் என்ற துறவி, மனிதனுக்கு வரக்கூடிய ஏறத்தாழ 500 கெட்ட எண்ணங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் பதிலாக வேதத்திலிருந்து ஒரு வரியை எழுதி வைத்தார். நமக்கு ஐந்நூறு வேண்டாம், ஒன்று போதும். கோபக்காரர்களுக்கு யாக்கோபு 1:19, "கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும்." பழிவாங்கத் துடிப்பவர்களுக்கு ரோமர் 12:21, "தீமையை நன்மையினாலே வெல்லு." பணத்தில் வழுக்குகிறவர்களுக்கு 1 தீமோத்தேயு 6:10. உடல் ஆசைக்கு மத்தேயு 5:8, "இருதயத்தில் சுத்தமுள்ளவர்கள் பாக்கியவான்கள்." உங்கள் பலவீனமான பக்கத்துக்கு ஏற்ற ஒன்றை மனப்பாடம் செய்து, வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் சொன்னால் அதுவும் எண்ணங்களோடு எண்ணமாகக் கலந்துவிடும்.

அப்புறம், யாராவது ஒருவருக்கு ஏதாவது செய்யுங்கள். உடனே, அந்த ஐந்து நிமிடத்துக்குள். எல்லாரும் விட்டுவிடும் பகுதி இது. "இதைச் செய்யக்கூடாது, செய்யக்கூடாது" என்று நினைத்துக்கொண்டே இருந்தால் நினைப்பு முழுக்க அதுவாகத்தான் இருக்கும். மனதை வேறு ஓர் ஆள்மேல் திருப்பினால்தான் நகரும். ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு, மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அறையில் தூங்குகிறவனின் சாப்பாட்டுத் தட்டையும் சேர்த்துக் கழுவி வையுங்கள். கூலியில் ஐம்பது பிடிக்கலாமா என்ற எண்ணம் வந்ததா, அந்தப் பெண்ணின் கையில் முழுக் கூலியையும் அன்றைக்கே, அந்த வரப்பிலேயே கொடுத்துவிடுங்கள். நாளைக்கு என்று வைத்தால் ஐம்பது மறுபடி பேச ஆரம்பிக்கும். ஆபாசப் படத்தின் இழுப்பு என்றால், திரையில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஒரு பெயரும் ஒரு வீடும் உண்டு என்று நினைத்து அவளுக்காக ஒரு நிமிடம் ஜெபியுங்கள். யாருக்காக ஜெபிக்கிறோமோ அவரைப் பண்டமாகப் பார்ப்பது கடினம்.

படி 5: யாரிடமாவது சொல்லிவிடுங்கள்

மறைத்து வைக்கும்வரைதான் சோதனைக்குப் பலம் என்பதும் இஞ்ஞாசியார் சொன்னதே. ஒரு பெண்ணை ஏமாற்ற நினைப்பவன் "உங்க அப்பாகிட்ட சொல்லிடாதே" என்பான்; சொல்லிவிட்டால் திட்டம் கலைந்துபோகும். சோதனையும் அப்படித்தான் ரகசியம் கேட்கும் என்கிறார்.

கத்தோலிக்கர்களுக்கு, பாவங்களைக் குருவிடம் தனியாக அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது, பெரியவர்கள் பாவசங்கீர்த்தனம் என்பார்கள். அங்கே கேட்டதை வெளியே சொல்லும் குருவுக்குத் திருச்சபையிலிருந்தே விலக்கப்படும் தண்டனை உண்டு, அதனால் அந்தப் பயம் வேண்டாம். "சாமிக்கு என் குரல் தெரியுமே, நாளைக்கு முகத்தைப் பார்க்கணுமே" என்று கூச்சமாக இருந்தால் பக்கத்துப் பங்குக்கு, அதாவது பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் போகலாம். கிருஷ்ணகிரி பாத்திமா அன்னை திருத்தலம், பி.பள்ளிப்பட்டி லூர்து அன்னை திருத்தலம் போன்ற இடங்களுக்கு வெளியூர்க்காரர்கள் எத்தனையோ பேர் வருகிறார்கள், யாரும் உங்களை உற்றுப் பார்க்கப்போவதில்லை. ஞானஸ்நானம் பெறாதவர்கள் இந்த அருட்சாதனத்தைப் பெற முடியாது, ஆனால் குருவிடம் போய்ப் பேச எந்தத் தடையும் இல்லை. மற்ற சபைகளில் ஐயர் என்று கூப்பிடப்படும் போதகரிடமோ பாஸ்டரிடமோ, நம்பிக்கையான ஒரு மூத்த விசுவாசியிடமோ சொல்லலாம்.

ஒரே ஒருவரிடம் என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். வந்த புதிதில் உணர்ச்சிவசப்பட்டு, சாட்சி சொல்லும் நேரத்தில் மைக் முன்னால் எல்லாவற்றையும் கொட்டிவிடாதீர்கள். நம் ஊர்களில் மைக்கில் சொன்னது சந்தைக்குப் போகும்.

படி 6: அன்பை எதிலிருந்து தொடங்குவது?

கல்யாணப் பத்திரிகைகளில் 1 கொரிந்தியர் 13 அடிக்கடி வரும். "அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது." ஆனால் பவுல் அதை எழுதியது காதலர்களுக்கு இல்லை. சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு சபைக்கு எழுதினார். அந்தச் சபையில் கர்த்தரின் இராப்போஜனத்துக்கு வந்த இடத்திலேயே ஒருவன் பசியாக இருக்க இன்னொருவன் குடித்து வெறித்திருந்தான் என்று இரண்டு அதிகாரம் முன்னால்தான் திட்டியிருக்கிறார்.

அந்த வசனங்களைப் பென்சிலால் குறித்துப் படியுங்கள். அன்பு செய்யாதவை எட்டு வருகின்றன: பொறாமைப்படாது, தன்னைப் புகழாது, இறுமாப்பாயிராது, அயோக்கியமானதைச் செய்யாது, தற்பொழிவை (தன் நலத்தை) நாடாது, சினமடையாது, தீங்கு நினையாது, அநியாயத்தில் சந்தோஷப்படாது. அன்பு என்றால் என்ன என்று சொல்ல வந்தவர், வென்ற சோதனைகளின் பட்டியலைத்தான் கொடுக்கிறார். எட்டில் உங்களை அதிகம் உறுத்துவது எதுவோ, அதிலிருந்து இந்த மாதத்தைத் தொடங்குங்கள்.

வீட்டுக்குள் தொடங்குவதுதான் நல்லது, அதுதான் கடினமும்கூட. குழந்தை இயேசுவின் தெரேசம்மாள் 1897-ல் இருபத்து நான்கு வயதில் இறந்தவர், பெரிய வேலை எதுவும் செய்யாமல் மடத்துக்குள்ளேயே இருந்தவர். அதே மடத்தில் ஒரு சகோதரி எதைச் செய்தாலும் இவருக்குப் பிடிக்காதாம். அதனால் அவரைப் பார்க்கும்போதெல்லாம் ஜெபித்தார், புன்னகைத்தார், முடிந்த உதவியைச் செய்தார். கடைசியில் அந்தச் சகோதரியே, "என்னிடம் அப்படி என்ன இருக்கிறது, என்னைப் பார்த்தாலே சிரிக்கிறீர்களே?" என்று கேட்டுவிட்டார். இது நடிப்பில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. பிடித்தவரிடம் அன்பாக இருப்பதற்கு முயற்சியே தேவையில்லையே என்பதுதான் என் பதில். உங்கள் வீட்டில், லைனில், அலுவலகத்தில் அந்தச் சகோதரி யார் என்று உங்களுக்குத் தெரியும்.

ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலத்தில் இதற்கு நல்ல வசதி. சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் கத்தோலிக்கர்களுக்குக் கட்டாய நோன்பு நாட்கள், 18 வயது நிறைந்தவர்கள் முதல் 59 வயது வரை. சர்க்கரை வியாதிக்காரர்களும் கர்ப்பிணிகளும் வீம்புக்கு இருக்க வேண்டியதில்லை. ஆனால் கறியை விட்டுவிட்டு வஞ்சிரம் மீன் வாங்கினால் அது நோன்பா என்ற விவாதம் வருடா வருடம் நடக்கிறது. ஏசாயா 58-ஐப் படித்தால் விவாதம் முடிந்துவிடும்: பசித்தவனுக்கு உன் அப்பத்தைப் பகிர்ந்துகொடு. மிச்சமான காசு யார் வீட்டு அடுப்புக்குப் போனது என்பதுதான் கேள்வி. கொடுக்கும்போது வலது கை செய்வது இடது கைக்குத் தெரியாதபடி கொடுக்கச் சொல்கிறது மத்தேயு 6:3. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எந்தக் கையில் சேரும் என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

வீட்டைத் தாண்டினால் தெரு. இங்கே சுற்றி வளைக்காமல் பேச வேண்டும். 2012 நவம்பரில் நாயக்கன்கொட்டாய் பக்கம் மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்ட மாவட்டம் தர்மபுரி. "நம்ம ஆளு" என்ற சொல் இங்கே எத்தனை சுலபமாக வாயில் வருகிறது என்பது எல்லாருக்கும் தெரியும், கோயில் வாசலைத் தாண்டி உள்ளேயும் அது வந்துவிடுகிறது. அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவியவன் சமாரியன் என்று இயேசு சொன்னபோது, கேட்டுக்கொண்டிருந்த யூதர்களுக்குச் சமாரியர்களைக் கண்டாலே ஆகாது. அவர் இன்றைக்கு இங்கே அந்தக் கதையைச் சொன்னால் சமாரியன் எந்தத் தெருக்காரனாக இருப்பான் என்று யோசியுங்கள். அந்தத் தெருவில் ஒரு வீட்டில் போய்த் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள். அவர்களையும் உங்கள் வீட்டுக்குள் கூப்பிட்டுச் சாப்பிட வையுங்கள், திண்ணையோடு நிறுத்தாமல்.

இந்து, முஸ்லிம் அண்டை வீட்டாருக்குச் செய்யும் உதவியைப் பற்றியும் ஒன்று. அதைச் செய்தால் அவர்கள் நம் கோயிலுக்கு வருவார்கள் என்ற கணக்கோடு செய்தால் பவுலின் ஐந்தாவது வரி, "தற்பொழிவை நாடாது", அங்கேயே அடிபட்டுப் போகிறது. உதவி உதவியாகவே இருக்கட்டும்.

அன்பு என்று சொல்லி அடி வாங்காதீர்கள்

குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனைச் சகித்துக்கொண்டிருப்பதுதான் தன்னலமில்லாத அன்பு என்று சில பெரியவர்களே புத்தி சொல்வார்கள். கேட்காதீர்கள். விசாரணையின்போது சேவகன் கன்னத்தில் அறைந்தபோது, "என்னை ஏன் அடிக்கிறாய்?" என்று இயேசு கேட்டார் (யோவான் 18:23). அடி விழும் வீட்டில் இருப்பவர்கள் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கலாம், அதற்குப் பங்குச் சாமியாரின் அனுமதியோ பாஸ்டரின் அனுமதியோ தேவையில்லை. குடிப்பவனுக்குக் கேட்டபோதெல்லாம் காசு கொடுப்பதும் அன்பு இல்லை. சொந்தக்காரர் கேட்டார் என்று வட்டிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதைப் பற்றி நீதிமொழிகள் 6-ம் 11-ம் அதிகாரங்களே எச்சரிக்கின்றன. அன்பாகவே "முடியாது" என்று சொல்லலாம். பிறனையும் உன்னைப்போல் நேசி என்ற கட்டளையில் "உன்னைப்போல்" என்ற பகுதியும் இருக்கிறது.

குடி, சூதாட்டம் போன்றவை ஓர் அளவைத் தாண்டினால் நோய். ஜெபத்தோடு மருத்துவமும் வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு இடத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்ணும் உண்டு. மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவர் ரத்த அழுத்தத்துக்கு என்ன சாப்பிடுகிறார் என்று கேளுங்கள்.

விழுந்த பிறகு

விழுவீர்கள். முதலில் செய்யக்கூடாதது என்ன என்று சொல்கிறேன்: மனம் சோர்ந்து கிடக்கும் நேரத்தில் பழைய நல்ல தீர்மானங்களை மாற்றாதீர்கள். "நமக்கு இதெல்லாம் சரிவராது, இனி கோயிலுக்கே போகவேண்டாம்" என்ற முடிவு எப்போதும் விழுந்த மறுநாள் காலையில்தான் வரும். இதுவும் இஞ்ஞாசியார் எச்சரித்ததுதான்.

பேதுரு விழுந்தது ஒரு கரிநெருப்பின் பக்கத்தில். குளிர்காய்ந்துகொண்டே, "அவனை எனக்குத் தெரியாது" என்று மூன்று தடவை சொன்னார். உயிர்த்த பிறகு இயேசு கடற்கரையில் அவருக்காக இன்னொரு கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டு வைத்துக் காத்திருக்கிறார் (யோவான் 21). சாப்பாடு முடிந்து மூன்று கேள்விகள். "இனிமேல் இப்படிச் செய்வாயா?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. "என்னை நேசிக்கிறாயா?" என்றுதான் மூன்று தடவையும் கேட்டார். பேதுரு பதில் சொல்லச் சொல்ல, கையோடு வேலையும் கொடுத்தார், என் ஆடுகளை மேய்ப்பாயாக என்று. ஆகவே விழுந்தால் வருத்தப்படுங்கள், அறிக்கை செய்யுங்கள். யாருக்காவது தீங்கு நடந்திருந்தால் போய்ச் சரிசெய்யுங்கள், பிடித்த ஐம்பது ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள். பிறகு யாரை நேசிக்க வேண்டுமோ அவர்களுக்கான வேலைக்குத் திரும்புங்கள். ஒரு வாரம் மூலையில் உட்கார்ந்து அழுவது மனந்திரும்புதல் மாதிரி தெரியும், ஆனால் அந்த ஒரு வாரமும் உங்களைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

இரவில் பத்து நிமிடம்

படுக்கும் முன் அன்றைய நாளைத் திரும்பிப் பாருங்கள். இன்றைக்கு எதற்காக நன்றி சொல்லலாம்? இன்றைக்கு யாரிடம் என் அன்பு முட்டி நின்றது? நாளை அவரைப் பார்க்கும்போது என்ன செய்வேன்? இவ்வளவு போதும். பாவக் கணக்கு நோட்டுப் போட்டு, தேதிவாரியாக எழுதி வைக்க வேண்டாம். அப்படி எழுதி வைத்தவர்கள் கொஞ்ச நாளில் நோட்டை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எங்கே போய்ச் சேருவது?

தனியாகப் பழகினால் சீக்கிரம் சலிக்கும். இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பகுதிகளைச் சேர்த்து 1997-ல் சேலத்திலிருந்து பிரிக்கப்பட்டதுதான் தர்மபுரி மறைமாவட்டம், அதன் பேராலயம் தர்மபுரி தூய இருதய ஆண்டவர் ஆலயம். கத்தோலிக்கப் பங்குகளில் பக்கத்து வீடுகள் சேர்ந்து கூடும் அன்பியம் இருக்கும். ஞாயிறு பூசை முடிந்ததும் உபதேசியாரிடமோ கன்னியர்களிடமோ, "எங்க தெருவுக்கு எந்த அன்பியம்?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். மற்ற சபைகளில் வீட்டு ஜெபக்கூட்டம், வேதபாட வகுப்பு என்று இருக்கும். ஓசூர் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று பல மொழிக்காரர்கள் கலந்து இருப்பதால், எந்த மொழியில் கூட்டம் என்று முன்னாலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

சேரும் இடத்தை எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு மூன்று தடவை போய்ச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். வந்திருப்பவர்களில் நோயாளி வீட்டுக்கு யார் போகிறார்கள், கூட்டம் முடிந்ததும் பாயை யார் சுருட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். சோதனையிலிருந்து விடுதலை வாங்கித் தருகிறேன், அதற்கு இவ்வளவு காணிக்கை என்று தொகை சொல்லும் இடத்திலிருந்து யோசேப்பு மாதிரி ஓடிவிடுங்கள். முதல் நாள் போகும்போது கையில் ஒரு புதிய ஏற்பாடு போதும். பெரிய வேதாகமம் அவர்களிடமே இருக்கும், கேட்டால் தருவார்கள்.